பதிவேட்டில் பெயர், வகுப்பில் வெற்றிடம்: தமிழ்நாட்டில் பள்ளி வருகை

பள்ளியில் சேர்வதும் பள்ளிக்கு வருவதும் வேறு வேறு. தமிழ்நாட்டில் முதல் வேலை பெருமளவு முடிந்துவிட்டது. கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் துண்டறிக்கையும் பதாகையுமாகத் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஐந்து வயது நிரம்பிய குழந்தையின் பெயர் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் ஏறாமல் போவது இன்று அரிது. சேர்ந்த பிள்ளையை ஆண்டு முழுவதும் வகுப்பில் உட்கார வைக்கும் இரண்டாவது வேலை இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

இந்தியக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் சென்று எண்ணிப் பார்க்கும் ஏசர் அறிக்கையின்படி, 2018-இல் பதிவேட்டில் இருந்த பிள்ளைகளில் 72.4 விழுக்காட்டினர் அன்றைய தினம் வகுப்பில் இருந்தார்கள். 2024-இல் அது 75.9 விழுக்காடு. நால்வரில் ஒருவர் இல்லை என்பது இதன் பொருள். தமிழ்நாடு இந்தச் சராசரிக்கு மேலே நிற்கும் மாநிலம். சராசரி நன்றாக இருப்பதே இங்கே ஒரு சிக்கலாகவும் ஆகிறது. வராத பிள்ளை அதற்குள் மறைந்துவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிடும் பிள்ளையைத் தொடர் வருகையின்மைக்கு ஆளான பிள்ளையாகக் கொள்வது அமெரிக்காவில் வழக்கில் உள்ள அளவுகோல். அங்கே பெருந்தொற்றுக்கு முன் ஏறத்தாழ 15 விழுக்காட்டு மாணவர்கள் இந்த நிலையில் இருந்தார்கள். 2021-22-இல் அது 28 விழுக்காட்டை எட்டியது. அந்த அளவுகோலை இங்கே பொருத்தினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 22 நாட்கள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள் சொச்சம். ஒரு திங்கள், ஒரு வெள்ளி என்று போகும் அந்த நாட்களை வீடும் கவனிப்பதில்லை, பள்ளியும் கவனிப்பதில்லை. ஒரு மாதம் ஒரேயடியாக நின்றுவிடும் பிள்ளையின் வீட்டுக் கதவை யாராவது வந்து தட்டுவார்கள். இரண்டு வாரத்துக்கொரு நாள் நிற்கும் பிள்ளையின் வீட்டுக்கு யாரும் போவதில்லை. ஆண்டு முடிவில் இருவரும் இழந்த பாடம் ஏறத்தாழ ஒன்றுதான்.

பதிவேட்டை எந்தப் பக்கமாகக் கூட்டுவது

முப்பது பேர் படிக்கும் ஒரு வகுப்பு. மாதத்தில் 22 வேலை நாட்கள். தினமும் சராசரியாக இருவர் வரவில்லை என்றால் அந்த மாதம் இழந்தவை 44 நாட்கள், வருகை 93 விழுக்காடு. எந்த அலுவலரும் குறை சொல்ல முடியாத எண் அது. அந்த 44 நாட்களை முப்பது பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒன்றரை நாள். காய்ச்சல், உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று வாழ்க்கை எடுத்துக்கொள்ளும் நாட்கள் அவை, கவலைப்பட ஏதுமில்லை. அடுத்த வகுப்பிலும் அதே 93 விழுக்காடுதான். ஆனால் அங்கே நான்கு பிள்ளைகள் ஆளுக்கு ஒன்பது நாள் வரவில்லை. மற்ற 26 பேரும் சேர்ந்து விட்டது எட்டே நாள். முதல் வகுப்பில் பிரச்சினை இல்லை. இரண்டாவது வகுப்பில் நான்கு பிள்ளைகள் பள்ளியை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

வருகைப் பதிவேட்டில் மேலிருந்து கீழாகக் கூட்டினால் அன்றைய வருகை கிடைக்கும். இடமிருந்து வலமாகக் கூட்டினால் அந்தப் பிள்ளையின் வருகை கிடைக்கும். மதிய உணவுக்கு எத்தனை பேர் என்று சொல்லவும், மேலிடத்துக்கு அனுப்பவும் முதல் கூட்டல் அன்றாடம் தேவைப்படுகிறது. இரண்டாவது கூட்டல் மாதக் கடைசியில் ஒரு சடங்காக முடிகிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலும் கைபேசிச் செயலியிலும் ஒவ்வொரு மாணவரின் வருகையும் இப்போது தனித்தனியாகவே பதிவாகிறது. ஆகவே இரண்டாவது கூட்டலைக் கணினியே செய்துவிடும். அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு எழுந்து போக ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் மிச்சம்.

எண்கள் ஒழுங்காக இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2023 மார்ச் மாதத்துப் பிளஸ் டூ பொதுத் தேர்வு காட்டியது. முதல் நாள் மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தேர்வன்று காலையில் மனம் மாறியவர்கள் அல்லர். பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டு, பதிவேட்டில் மட்டும் தொடர்ந்தவர்கள் அவர்களில் ஏராளம். பெயர் நீக்கினால் இடைநிற்றல் கணக்கு ஏறும். நீக்காவிட்டால் உண்மை மறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை பள்ளிகள், இழப்பு பிள்ளைகளுக்கு.

சோறு போட்ட பள்ளிகள்

வருகையைக் கூட்ட இந்த மண் கண்டுபிடித்த முதல் மருந்து உணவு. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலம் அது. அங்கே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள் என்பதும், பசியால் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்பதும் அன்றே மன்றத்தில் பேசப்பட்ட காரணங்கள்.

அதே 1920-இல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் விரும்பினால் தங்கள் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவர இடம் கொடுத்தது. சட்டத்தின் கட்டாயத்தைவிடத் தட்டில் விழுந்த உணவுதான் அதிகப் பிள்ளைகளை அழைத்து வந்தது என்று அடுத்த நூறு ஆண்டுகளின் வரலாற்றைப் படித்தவர் துணிந்து சொல்லலாம். 1953-இல் தொடக்கப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்கு எதிர்ப்பு மூண்டது. மறு ஆண்டே காமராசர் அரசு அதைக் கைவிட்டது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் நேரத்தைப் பாதியாக்காமல், அந்தப் பிள்ளை முழு நாளும் அங்கே இருப்பதற்கான வழியைச் செய்தது. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்து ஊர்மக்களின் நன்கொடையோடு அதைப் பரப்பினார். ஊருக்குள்ளேயே பள்ளி, பள்ளிக்குள்ளேயே சாப்பாடு என்ற இரண்டும் அந்தப் பத்தாண்டில் சேர்ந்தன.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் சிறு குழந்தைகளுக்கு என்றிருந்தது 1984-இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 1989-இல் முட்டை சேர்ந்தது. கஜானா காலியாகும் என்று அன்று எச்சரித்தவர்கள் பலர். உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, தமிழ்நாட்டில் அந்த அடுப்பு எரியத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

மதியச் சோறு இருந்தும் காலையில் ஓர் ஓட்டை இருந்தது. ஏழு மணிக்கே வயல் வேலைக்கோ மில் வண்டிக்கோ கிளம்பும் தாய் அதற்குள் சமைத்து முடிப்பது முடியாத காரியம். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை பத்தரை மணிக்கு வயிறு வலிக்கிறது என்கிறது; இரண்டு நாள் அப்படி ஆனால் மூன்றாம் நாள் வருவதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள் காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டார்கள். சில மாதங்களுக்குப் பின் மாநிலத் திட்டக் குழு வருகையை ஒப்பிட்டுப் பார்த்ததில், 1,319 பள்ளிகளில் அது கூடியிருந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-இல் ஊரக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது.

உணவு பசியால் வராத பிள்ளையைக் கொண்டு வரும். வேறு காரணத்தால் வராத பிள்ளைக்கு வேறு வழிதான் தேட வேண்டும். தொடக்கப் பள்ளியில் இவ்வளவு நன்றாக வேலை செய்த மருந்து, எட்டாம் வகுப்புக்கு மேல் வலுவிழப்பதன் காரணம் இதுவே.

ஏன் வரவில்லை

விடுப்பு விண்ணப்பத்தில் எழுதப்படும் காரணம் எப்போதும் காய்ச்சல். அது சில நாள் உண்மை. குடற்புழு, இரத்தசோகை, சொறி சிரங்கு, பார்வைக் குறை ஆகியவை பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளியிலிருந்து ஒதுக்குகின்றன. கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்துச் செய்த ஆய்வு, வராத நாட்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2004-இல் சொன்னது. அதன் கணக்கீடுகள் குறித்துப் பின்னாளில் சர்ச்சை எழுந்தாலும், மாத்திரையின் செலவு மிகக் குறைவு என்பதால் பல நாடுகள் அதைத் தொடர்கின்றன. இங்கும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசம். அம்மை கண்டால் மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வெளியே விடாமல் வைத்திருப்பது ஊர் வழக்கம். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கானதும் பிள்ளை பள்ளிக்குப் போகலாம் என்கிறது மருத்துவம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அது ஆகிவிடும். அதற்குப் பிறகும் வீட்டில் கழியும் நாட்களை நல்ல வார்த்தை சொல்லி மீட்க முடியும்.

வீட்டு வேலை இரண்டாவது காரணம். தாய் நூறு நாள் வேலைக்குப் போகும் நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை நிறுத்துகிறார்கள். அறுவடை, சந்தை நாள், ஆடு மேய்ப்பவருக்கு உடம்பு சரியில்லாத நாள் என்று பையன்களும் நிற்கிறார்கள். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதை முற்றிலும் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. அந்தக் கதவு வழியாகப் பள்ளி நேரமும் வெளியேறிவிடுகிறது.

பெண் பிள்ளைகளின் கணக்கு தனி. பூப்பெய்தியதும் தனியே உட்கார வைத்து, சடங்கு முடிந்து, மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நாள் பார்த்து, பத்திரிகை அடித்து முடிப்பதற்குள் மூன்று வாரம் போய்விடும். திரும்பி வரும் பெண்ணுக்குக் கணக்கில் ஒரு பாடமும் அறிவியலில் ஒரு பாடமும் காணாமல் போயிருக்கும். அதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இருப்பதில்லை. அதன் பின் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள். புதுயுகம் திட்டத்தில் மாதவிடாய்க்கால நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறை இல்லாத பள்ளியில் அந்த நாப்கினால் பாதிப் பயன்தான். கழிப்பறையைத் தினமும் கழுவ ஒரு தூய்மைப் பணியாளரை நிறுத்துவதும் வருகைக்கான செலவு என்றே கணக்கில் சேர வேண்டும்.

தூரம் ஐந்தாம் வகுப்பு வரை பெரிதாகத் தெரியாது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பள்ளி மாறும்போது அது எழுந்து நிற்கிறது. இலவசப் பேருந்துப் பயண அட்டை இருக்கிறது. ஆனால் காலை ஏழேகாலுக்கு வரும் ஒரே பேருந்து அன்றைக்கு வராவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விடுப்பு. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியது என்பது பொருளாதார அறிஞர்களின் கணக்கு. தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டி பிளஸ் ஒன் மாணவருக்குக் கிடைக்கிறது. இரண்டாண்டு முன்னதாக, ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுத்தால் அதே செலவில் கூடுதல் பிள்ளைகள் பிளஸ் ஒன் வரை வந்து சேர்வார்கள்.

சூளைக்குப் போகும் பிள்ளைகள்

எல்லாக் காரணங்களிலும் கடினமானது பருவகால இடப்பெயர்வு. பொங்கல் முடிந்ததும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பங்கள் கிளம்புகின்றன. முன்பணம் ஏற்கெனவே வாங்கிச் செலவாகியிருக்கும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணவனும் மனைவியும் நள்ளிரவு தாண்டி எழுந்து மண் குழைத்துக் கல் அறுக்கிறார்கள். வெயில் ஏறியதும் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக் காய வைப்பது பிள்ளைகளின் கைக்கு வருகிறது. எண்ணிக்கை கூடினால் கூலி கூடும் என்பதால் அந்தச் சிறு கைகளுக்கும் அங்கே விலை உண்டு. மழை தொடங்கும்வரை, ஏறத்தாழ ஜூன் வரை, இது நடக்கிறது. ஜூனில் ஊருக்குத் திரும்பும் பிள்ளை முழு ஆண்டுத் தேர்வு எழுதாமலேயே அடுத்த வகுப்பில் உட்கார்கிறது. கட்டாயத் தேர்ச்சி அதன் பெயரைக் காப்பாற்றுகிறது. விட்ட மாதங்களின் பாடத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. மூன்று ஆண்டு இப்படிக் கழிந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தலும் தடுமாறும்.

கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பங்களிலும், சவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் கேரளம், கருநாடகம் போகும் குடும்பங்களிலும் கதை இதுதான். இவர்களில் பழங்குடியினரும் பட்டியல் சாதியினரும் மிகுதி. திருவள்ளூர் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்காக வேலைத்தளத்திலேயே பள்ளி அமைத்து, ஒடியா மொழிப் பாடநூல்களை வரவழைத்துக் கற்பித்த முயற்சி இந்த மாநிலம் பெருமைப்படத் தக்கது. வந்த பிள்ளைக்கு வகுப்பு வைப்பது போலவே, போகும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதும் வேண்டும். பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்கள் முழுவதும் பிள்ளை ஊரிலேயே தங்கிப் படிக்க உண்டு உறைவிடப் பள்ளிகளும், பெண்களுக்குக் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாக்களும் உள்ளன. பாட்டி வீட்டில் விட்டுச் செல்ல முடிந்தவர்களுக்கு அந்தப் பாட்டிக்கு ரேஷன் அரிசிக்கு மேல் ஒரு சிறு உதவித்தொகை கிடைத்தாலே போதும். கிளம்பும் குடும்பங்கள் எவை என்பது ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு டிசம்பரிலேயே தெரியும். அந்தப் பட்டியல் போய்ச் சேரும் மாவட்டத்து வட்டாரக் கல்வி அலுவலரின் மேசைக்கு ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். எமிஸ் எண் ஒன்றே என்பதால் இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை.

பயந்து நிற்கும் பிள்ளைகள்

சில பிள்ளைகள் வராமல் இருப்பதன் காரணம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. அடி, ஏளனம், முடிக்காத வீட்டுப்பாடம், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லும் வகுப்பு, சக மாணவர்களின் சாதி வசவு. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியல் சாதிப் பிளஸ் டூ மாணவர் ஒருவர் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோதுதான், உடன் படித்தவர்கள் அவரைத் துன்புறுத்தி வந்தது வெளிப்பட்டது. விசாரணை நடந்ததற்குப் பழிதீர்க்க, இரவில் அவர் வீட்டுக்குள் புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது.

இந்த நிகழ்வு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. வராத பிள்ளையிடம் காரணம் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் இருந்தால் அந்த மாணவர் சத்தமில்லாமல் படிப்பை விட்டிருப்பார். காரணம் தெரிந்த பிறகு அந்தப் பிள்ளையைப் பாதுகாக்கும் ஏற்பாடும் உடனே நடக்க வேண்டும். சொன்னவர் தனியே விடப்பட்டால் அடுத்த பிள்ளை வாயைத் திறக்காது. பிள்ளைகள் குறையை எழுதிப் போட மாணவர் மனசு பெட்டிகளைப் பள்ளிகளில் வைத்த நோக்கம் நல்லது. அதில் விழும் சீட்டை யார் முன்னிலையில் திறக்கிறார்கள், எழுதியவரின் கையெழுத்து யார் கண்ணில் படுகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

புரியாத பாடமும் ஒரு வகைப் பயம். பெருந்தொற்றில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் 1 வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், பள்ளிகள் மூடியிருந்தன. அதையொட்டி வந்த இல்லம் தேடிக் கல்வியும் எண்ணும் எழுத்தும் திட்டமும் பாட இடைவெளியை நிரப்பத் தொடங்கப்பட்டவை. அவற்றை வருகைத் திட்டங்களாகவும் கொள்ளலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை காரணமில்லாமல் வீட்டில் நிற்பது குறைவு.

என்ன செய்தால் வருகிறார்கள்

தண்டனை எளிதில் நினைவுக்கு வருவது. இங்கிலாந்தில் அனுமதியின்றிப் பிள்ளையை நிறுத்தும் பெற்றோருக்கு 2024 ஆகஸ்டு முதல் 80 பவுண்டு அபராதம். தமிழ்நாட்டிலும் 1994-ஆம் ஆண்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் பெற்றோரின் கடமையை வரையறுத்தது. அன்றாடக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அபராதம் போட்டால் அதைக் கட்டப் பிள்ளையும் வேலைக்குப் போகும் என்பதால், இங்கே அந்த வழி தொடங்கும் இடத்திலேயே முட்டுகிறது.

பரிசும் எதிர்பார்த்தபடி வேலை செய்வதில்லை. கலிபோர்னியாவில் ஒரு மாதம் ஒரு நாளும் விடாமல் வந்த மாணவர்களுக்குப் பின்னர் விருது கொடுத்துப் பார்த்தபோது, அடுத்த மாதத்தில் அவர்களின் வருகை சற்றுக் குறைந்தே போனது. நூறு விழுக்காடு வருகைக்கு ஆண்டு விழாவில் கோப்பை கொடுக்கும் வழக்கம் நம் பள்ளிகளிலும் உண்டு. அது எப்படியும் வரும் பிள்ளைக்கே போகிறது. காய்ச்சலோடு வந்த பிள்ளையையும் பாராட்டிவிடுகிறது. போன மாதம் ஒன்பது நாள் நின்ற பிள்ளை இந்த மாதம் மூன்று நாள் மட்டுமே நின்றால், அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது பயன் தரும்.

தகவல் சொல்வது மலிவானது, பலனும் உள்ளது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உங்கள் பிள்ளை இந்த ஆண்டு இத்தனை நாள் வரவில்லை என்று பெற்றோருக்கு அவ்வப்போது கடிதம் அனுப்பினார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொடர்ந்து வராதவர்களின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பிள்ளை விட்ட நாட்களைப் பெற்றோர் உண்மையைவிடக் குறைவாகவே நினைத்திருந்தார்கள். மாதத்துக்கு இரண்டு நாள் ஆண்டுக்கு இருபது நாள் ஆவதை எந்த வீட்டிலும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இங்கே கடிதத்தைவிடக் குரல் சேரும்; தாயின் கைபேசிக்குத் தமிழில் ஒரு குரல் செய்தி அனுப்புவதற்கான தரவு எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது.

நல்ல வகுப்பாசிரியர்கள் காலங்காலமாகச் செய்து வரும் முறை ஒன்று உண்டு. பிள்ளை வராத முதல் நாளே வீட்டுக்கு ஓர் அழைப்பு. கைபேசி எடுக்காத வீட்டுக்கு அதே தெருப் பிள்ளை மூலம் செய்தி. மூன்றாம் நாள் யாராவது ஒருவர் நேரில் போவது: ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் என்று யாராகவும் இருக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்று சொன்னதன் பலன் இங்கேதான் கிடைக்கும். ஆசிரியர் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லும் வீடு, பக்கத்துத் தெருத் தாய் கேட்டால் உண்மையைச் சொல்லும். அப்படித் தெரிந்த காரணத்தைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைத்து, மாதம் ஒரு முறை குழுக் கூட்டத்தில் அந்த நான்கைந்து பெயர்களை மட்டும் எடுத்துப் பேசினால், என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெளியும். ஒரு பிள்ளைக்குச் செருப்பு, இன்னொன்றுக்குக் கண்ணாடி, மூன்றாவது வீட்டில் கைக்குழந்தையை அங்கன்வாடியில் சேர்ப்பது, நான்காவது வீட்டில் குடிக்கும் தகப்பனிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசுவது.

திரும்பி வரும் நாள் மிக முக்கியம். பத்து நாள் கழித்து வரும் பிள்ளையை "வாங்க துரை, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று வரவேற்கும் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளை மறுநாளே மறைந்துவிடும். "உன்னக் காணோமேன்னு தேடினோம் கண்ணு, உக்காரு" என்று சொல்லிவிட்டு, விட்ட பாடத்தை எழுதிக்கொள்ளப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைக் கொடுத்தால் போதும். சட்டமும் இதில் பிள்ளையின் பக்கமே நிற்கிறது: கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது, 4-ஆவது பிரிவு நின்று போனவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சொல்கிறது.

குடும்பத்தின் பக்கம் செய்யக் கூடியவை சிறியவை, ஆனால் பலன் பெரியது. ஊர்த் திருவிழாவும் காதுகுத்தும் தேதி குறிக்கும்போது பள்ளி நாட்காட்டியை ஒரு முறை பார்ப்பது. மஞ்சள் நீராட்டு விழாவை விடுமுறையில் வைத்துக்கொண்டு, பெண்ணை ஒரு வாரத்துக்குள் பள்ளிக்கு அனுப்புவது. ஞாயிறு உறவினர் வீட்டிலிருந்து இரவே திரும்பி விடுவது. பையையும் சீருடையையும் இரவிலேயே எடுத்து வைப்பது. சளிக்கும் காய்ச்சலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து முடிவு செய்வது. இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளக் கூலி வீட்டுப் பெற்றோருக்கு மனம் இல்லை என்று நினைப்பது தவறு. தன் பிள்ளை தன்னைப்போல ஆகக் கூடாது என்ற வைராக்கியம் அங்கேதான் அதிகம். அவர்களுக்கு இல்லாதது நேரமும் கைக்காசும்.

மேல் வகுப்புகளில் காசு நேரடியாகவே பேசுகிறது. பதினைந்து வயதில் ஒரு பையன் ஜவுளிக்கடையிலோ பட்டறையிலோ கொண்டு வரும் கூலி, வீட்டு வாடகைக்குச் சமம். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் தொடர்ந்து படிக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கு 1,500, 1,500, 2,000 என்று மொத்தம் 5,000 ரூபாய் இடைநிற்றலைத் தடுக்க ஒதுக்கப்படுகிறது. 2022-இல் வந்த புதுமைப்பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்கின்றன. பிளஸ் டூ வரை வந்தவர்களைக் கல்லூரிக்கு இழுக்கும் வலு இதற்கு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தள்ளாடும் பிள்ளைக்கு அது தூரத்துப் பணம். பிரேசில் நாட்டின் போல்சா ஃபமீலியா போலக் குறைந்தபட்ச வருகையோடு பிணைத்து மாதாமாதம் தாயின் கணக்கில் போடும் சிறு தொகை, ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் முயன்று பார்க்கத் தக்கது.

இவ்வளவையும் செய்ய ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஒருவரே ஐந்து வகுப்பையும் நடத்தும் ஓராசிரியர் பள்ளியில் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக ஆள் இல்லை. அவர் விடுப்பெடுத்தால் பள்ளிக்கே விடுப்பு. செயலியில் புள்ளிவிவரம் ஏற்றுவதில் கழியும் நேரத்தைக் குறைத்து, வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களை இந்தப் பணிக்குத் திருப்பினால், ஓராண்டிலேயே மாற்றம் தெரியும்.

பள்ளியில் இருக்க வேண்டிய நேரத்தில் ஒரு பிள்ளையைக் கடையிலோ சூளையிலோ கைக்குழந்தையோடு வாசற்படியிலோ பார்ப்பவர், ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடியாதவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐயோ அழைக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.